ஹாரன் அக்காவும் மலையுச்சிப் பெட்டியும்

நகரப் பேருந்துப் பணிமனையில் அவருக்கு ஹாரன் அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், ஓயாமல் ஹாரன் அடிக்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் நேர்மாறு. அவர் ஓட்டும் வண்டியில் ஹாரன் பொத்தான்மேல் தூசி படிந்திருக்கும். யாராவது குறுக்கே பாய்ந்தால் பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏப்பா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஒரு குரல் கொடுப்பார். ஸ்கூட்டர்காரன் ஒதுங்கிவிடுவான். அவனுக்குப் பின்னால் வந்த லாரியும் சேர்ந்து ஒதுங்கும்.

அவர் முதலில் துணித் தொழிற்சாலையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். நாள் முழுக்க நீராவியில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கே நின்று நின்றே எந்த வளைவில் கியர் மாறும், எந்த மேட்டில் வண்டி மூச்சு வாங்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் கனரக வாகன உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டு வந்து வீட்டில் சொன்னார். ஓட்டுநராக முதல்நாள் வண்டியை எடுத்தபோது, ஏறிய ஒரு பெரியவர் ஓட்டுநர் இருக்கையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்கப் போனார். "இறங்குங்க ஐயா, தாராளமா. அடுத்த வண்டி வர்றதுக்குள்ள நான் உங்க வீட்டு வாசலைத் தாண்டிப் போயிட்டு திரும்பி வந்துடுவேன்" என்றார் அக்கா. பெரியவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பல வருஷம் அதே வண்டிக்காகக் காத்திருந்து ஏறினார்.

பெட்டி தேடும் பழக்கம் வந்ததும் அந்த வேலையால்தான். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டால் அடுத்த நடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கிடைக்கும். மற்ற ஓட்டுநர்கள் டீ குடிப்பார்கள், தூங்குவார்கள், சங்கத்தைத் திட்டுவார்கள். அக்காவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். ஒருநாள் வழித்தடப் பலகைக்குப் பின்னால் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குட்டித் தகர டப்பா கையில் அகப்பட்டது. உள்ளே சுருட்டி வைத்த காகிதம், அதில் வரிசையாக விசித்திரமான பெயர்கள். யாரோ திருட்டு வேலை பார்க்கிறார்கள் என்று பதறி மகளுக்கு போன் போட்டார்.

மகள் சிரித்தாள். "அம்மா, அது ஜியோகேச்சிங். ஒருத்தர் பெட்டியை ஒளிச்சு வெச்சுட்டு அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போடுவாங்க. மத்தவங்க போனை வெச்சுக்கிட்டுத் தேடிக் கண்டுபிடிச்சு, புனைபெயர்ல கையெழுத்துப் போட்டுட்டு, இருந்த இடத்துலயே திரும்ப வெச்சுடணும்."

"பரிசு என்ன?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்போ நல்ல விளையாட்டுதான். பரிசு இல்லேன்னா ஏமாத்துறதுக்கு ஆள் வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் காகிதத்தில் 'கடைசி நிறுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அக்கா. அதிலிருந்து அதுவே அவருடைய புனைபெயர். பூங்கா பெஞ்சுக்கு அடியில், பாலத்துக் கைப்பிடிக்குள், நிஜ ஆணி போல நடிக்கும் பொய் ஆணிக்குள் என்று ஊரில் ஒளிந்திருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் சீருடையோடு போய்த் தேடிப் பிடித்துவிட்டார்.

இத்தனை வருஷம் வண்டியில் ஒரு கீறல் போடாதவர், நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து விழுந்தார். கழுவும் கொட்டகையில் சோப்புத் தண்ணீர் வழிந்த படியில் கால் வைத்தார், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே வலது கால் எலும்பு உடைந்தது. உள்ளே தகடு வைத்து முடுக்கினார்கள். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் கொழுந்தன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, உள்ள போட்டிருக்கிறது ஸ்டார் தலை ஸ்க்ரூவா, பிளஸ் தலை ஸ்க்ரூவா?" வீட்டில் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர் விழுந்தது அன்றைக்குத்தான்.

எலும்பு கூடிவிட்டது, நடக்க நடக்கத்தான் கால் தெம்பாகும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அக்காவின் கணவர் மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறவர். யாராவது எங்காவது இடித்துக்கொள்வார்களோ என்பதே அவருடைய வாழ்நாள் கவலை. மிதியடிகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். கட்டிலின் கால்களை அறுத்துத் தாழ்த்தினார். அடுப்பு மேடையின் மூலைகளுக்குப் பஞ்சு சுற்றினார். "சுவருக்கும் ஒரு தலைகாணி கட்டிடுங்களேன், அதுக்கும் பாவம் அடிபடுமில்ல" என்று அக்கா சொன்னால், "கிண்டல் பண்ணு, பண்ணு. இன்னொரு தடவை விழுந்தா உன்னைத் தூக்க எனக்குத் தெம்பில்ல" என்பார். சொல்லிக்கொண்டே குனிந்து, மனைவியின் முழங்கால் உறையைச் சரிசெய்து விடுவார். அதனால் அக்கா அதற்குமேல் பேச மாட்டார்.

பணிமனையிலும் இதே கதைதான். மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பயணச்சீட்டுக் கவுன்ட்டரில் ஓர் இடம் காலியாகிறதாம். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, அதே சம்பளம், அலைச்சல் இல்லை. வேண்டாமென்றால் ஓட்டுநர் தேர்வு மறுபடியும் எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். மணல் மூட்டை ஏற்றிய வண்டியை வேகமாக ஓட்டிவந்து, கொடி அசைத்த நொடியில் வலது காலால் பிரேக்கை முழு அழுத்தம் அழுத்தி நிறுத்த வேண்டும். விடுமுறை முடிவதற்குள் எது என்று சொல்லுங்கள் என்றார். கவுன்ட்டர் விஷயத்தை மட்டும் அக்கா வீட்டில் சொன்னார். வீடே மகிழ்ந்து போயிற்று. தேர்வு என்று ஒன்று இருப்பதை வாய்திறந்து சொல்லவில்லை.

தனக்குத்தானே ஒரு நிபந்தனை மட்டும் வைத்துக்கொண்டார். விடுமுறைக்கு அவர்கள் போக இருந்த ஆற்றங்கரை ஊரில் ஒரு மலை இருந்தது. அதன் உச்சிப் பாறையில் ஒரு பெட்டி இருப்பதாக அந்த விளையாட்டின் இணையதளத்தில் போட்டிருந்தது. அந்தப் பெட்டியில் 'கடைசி நிறுத்தம்' என்று எழுதிவிட்டால் தேர்வு. முடியாவிட்டால் முனகாமல் கவுன்ட்டர்.

ஆற்றங்கரையில் வாடகைக்கு எடுத்த வீடு சின்னது. சமையலறையில் மூன்று தட்டு, நாலு பேர். குழாயைத் திறந்தால் முதலில் இருமும், அப்புறம்தான் தண்ணீர் வரும். வந்த மறுநாள் காலையில் அக்கா முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது கணவரும் ஸ்க்ரூவும் வெளியிலிருந்து உள்ளே வந்தார்கள். இருவர் காலணியிலும் ஈரச் சேறு.

"இவ்வளவு சீக்கிரம் எங்க போனீங்க?"

"பால் வாங்க" என்றார் கணவர். கையில் பால் இல்லை. "கடை மூடியிருக்கு."

ஸ்க்ரூ சட்டென்று தன் செல்போனை நீட்டினான். "அண்ணி, ஒரு சேதி. அந்தப் பெட்டிக்காரர் பெட்டியை இடம் மாத்திட்டாராம். மேல பாறை சரிஞ்சு ஆபத்தா இருக்குன்னு ஆத்தோரமா வெச்சிருக்காராம். புது இடத்தை உங்க போன்லயும் ஏத்திட்டேன்."

பெட்டி வைத்தவர்கள் இடம் மாற்றுவது உண்டுதான். அக்கா திரையைப் பார்த்தார். அம்புக்குறி மலையைக் காட்டாமல் ஆற்றையொட்டிய தடத்தைக் காட்டியது. மனசின் ஏதோ ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதானே தேட முடியும்.

ஆற்றுத் தடம் நன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் நாணல், இன்னொரு பக்கம் யாரோ வேலி போட்டுக் காய்கறி பயிரிட்டிருந்த மேட்டு நிலம். தண்ணீர் கணுக்காலளவு இருந்த இடத்தில் கல் விட்டுக் கல் தாண்ட வேண்டியிருந்தது. அக்கா தடியை ஊன்றித் தாண்டினார். கணவர் முதுகில் தொங்கிய பையில் ஒரு மடக்குத் தலையணை எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு கல்லுக்கும் "பாத்து, பாத்து" என்றார். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்க, கொஞ்சம் அமைதியா இருக்கும்" என்றார் அக்கா. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இனி என்ன என்று தெரியாமல் இருக்கும் மகள், எல்லோருக்கும் முன்னால் பின்பக்கமாக நடந்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். வழக்கமாக அவள் இந்தத் தேடல்களில் கொட்டாவி விடுகிறவள். இன்றைக்கு என்ன இத்தனை உற்சாகம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

பழைய நடைபாலத்தின் அடியில் அம்பு நின்றது. தேட வேண்டியே இருக்கவில்லை. பாலத்தின் தூணுக்குப் பக்கத்தில் மூன்று கற்கள், கடையில் ஆப்பிள் அடுக்குவது போல அழகாக அடுக்கியிருந்தன.

"அம்மா, அங்க பாரு!" மகள் கத்தினாள்.

அக்கா குனிந்து கற்களை எடுத்தார். உள்ளே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. திறந்தார். சுருள் காகிதம், பென்சில். காகிதத்தில் ஏழெட்டுப் பெயர்கள், வெவ்வேறு மையில்.

"அண்ணின்னா அண்ணிதான்!" ஸ்க்ரூ கைதட்டினான். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் செல்போனை அம்மாவின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். "போடும்மா, கையெழுத்தைப் போடு."

அக்கா பென்சிலை எடுத்தார். டப்பாவை மடியில் வைப்பதற்காகத் தூக்கியபோது, அது இருந்த இடம் கண்ணில் பட்டது.

அங்கே சதுரமாக வெட்டிய ஒரு மஞ்சள் பஞ்சுத் துண்டு விரித்திருந்தது. விளிம்பு ஒரு நூல் பிசகாமல், மெத்தைக் கடைக் கத்தியால் அறுத்தது போல இருந்தது. அக்கா அதையும் தூக்கிப் பார்த்தார். அடியில் புல் பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. நாள்பட இருந்த பெட்டிக்கு அடியில் புல் வெளுத்துக் கிடக்கும், எறும்பு வீடு கட்டியிருக்கும். இந்தப் புல் இன்னும் பனியைக்கூட உதறவில்லை.

அவர் பென்சிலைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டார்.

"ஏங்க" என்றார்.

"என்னம்மா?"

"பிளாஸ்டிக் டப்பாவுக்கு முதுகு வலிக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கணவர் பஞ்சைப் பார்த்தார். ஸ்க்ரூ கணவரைப் பார்த்தான். "அண்ணா! சும்மா கீழ வைங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

"தரை கெட்டியா இருந்துச்சுடா. டப்பா உடைஞ்சுடும்னு..." கணவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அக்கா மகளைப் பார்த்தார். மகள் வீடியோவை நிறுத்தியிருந்தாள். காகிதத்தில் இருந்த ஏழெட்டுப் பெயர்களில் பாதி யாருடைய கையெழுத்து என்று இப்போது தெரிந்தது. 'அ' போடும்போது வாலைச் சுழிப்பது அவள் பழக்கம்.

"நீயுமா?"

"நீ சந்தோஷமா இருக்கணும்னுதாம்மா. மலை ஏறி விழுந்து வெச்சீன்னா..."

"எனக்குச் சந்தோஷம் எதுன்னு நீங்க மூணு பேரும் கூடி முடிவு பண்ணிட்டீங்க."

"கோபப்படாத" என்றார் கணவர். "என்ன பெரிய விஷயம்? பெட்டி மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? விளையாட்டுதானே?"

பேருந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பேசும் அந்தக் குரல் ஆற்றங்கரையில் கேட்டது. எதிர்க்கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"விளையாட்டா? கவுன்ட்டர் கட்டாயம் இல்ல. ஓட்டுநர் தேர்வு இருக்கு. நான் உங்ககிட்ட சொல்லல, அது என் தப்பு. இந்தப் பெட்டியில கையெழுத்துப் போட்டா தேர்வுக்கு நிப்பேன், இல்லேன்னா கவுன்ட்டருக்குப் போவேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் ஊருக்கே வந்தேன். இப்போ இதுல எழுதியிருந்தேன்னு வைங்க. 'ஆஹா, கால் தேறிடுச்சு'ன்னு நம்பிக்கிட்டு வண்டியில போய் உக்காந்திருப்பேன். எனக்குப் பின்னால அத்தனை ஜனம் உக்காந்திருக்கும். குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அவங்களை எல்லாம் உங்க பஞ்சு மேல உக்கார வெச்சு ஓட்டியிருப்பேன்."

ஸ்க்ரூ டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்போ தேர்வு எழுதப் போறியா?" கணவர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. மேல போனாத்தான் தெரியும். ஸ்க்ரூ, பழைய இடத்தை என் போன்ல ஏத்து."

"அண்ணி, இந்த வெயில்ல..."

"ஏத்து தம்பி."

அவன் ஏற்றினான். அம்பு சுழன்று மலையைக் காட்டியது.

"வர்றவங்க வரலாம்" என்றார் அக்கா. "ஆனா எனக்கு முன்னாடி யாரும் நடக்கக் கூடாது. யாரும் தூக்கிவிடக் கூடாது. 'பாத்து'ன்னு ஒருத்தர் வாயிலயும் வரக் கூடாது. வந்துச்சுன்னா அவங்களை இங்கயே இறக்கி விட்டுருவேன்."

நடைபாலத்தைத் தாண்டியதும் தடம் மேலே திரும்பியது. தடம் என்று சொல்வது மரியாதைக்கு. ஆடுகள் போட்ட வழி அது. ஆடுகளுக்கு நாலு கால் என்பது ஏறும்போதுதான் உறைத்தது. சரளைக் கல் காலடியில் உருண்டது. அக்கா முதலில் தடியை ஊன்றுவார், அப்புறம் இடது காலை மேலே வைப்பார், கடைசியில் வலது காலை இழுத்துச் சேர்த்துக்கொள்வார். கொஞ்ச தூரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆற்றுச் சத்தம் குறைந்து, தங்கள் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. செல்போன் கடையில் நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூவின் மூச்சு எல்லோரையும்விடப் பலமாகக் கேட்டது.

"தம்பி, உனக்கு எந்தக் கால்ல தகடு வெச்சிருக்கு?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார் அக்கா.

"நுரையீரல்ல வெச்சிருக்கு அண்ணி" என்றான் அவன்.

பாதி மலையில் ஒரு தட்டையான பாறை. கணவர் பையிலிருந்து தலையணையை எடுத்தார். அக்கா பார்த்த பார்வையில் மறுபடி உள்ளே வைத்துவிட்டார். பிறகு யோசித்து, அதைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கோபம் இன்னும் பாக்கி இருந்தது.

"அம்மா" மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சாரி. அந்த வீடியோவை அழிச்சுட்டேன்."

"ஏன் அழிச்ச? உங்கப்பா கண்ணைத் துடைச்சதை நான் இன்னொரு தடவை பாத்திருப்பேனே." பிறகு அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ படிப்பு முடிச்சுட்டு என்ன பண்ணலாம்னு திணறிக்கிட்டு இருக்க. நாளைக்கு நீ ஒரு பரிட்சை எழுதுறப்ப, பாவம் புள்ளைன்னு யாராவது விடையை மாத்தி எழுதி உன்னைத் தேற வெச்சா எப்படி இருக்கும்?"

"கொன்னுடுவேன்" என்றாள் மகள்.

"அதுதான். நான் இன்னும் யாரையும் கொல்லல. பெருந்தன்மை."

மேல்பாதி செங்குத்தாக இருந்தது. சில இடங்களில் அக்கா தடியை முன்னால் எறிந்துவிட்டு, புதரின் வேரைப் பிடித்துக் கைகளால் ஏறினார். முழங்காலுக்குக் கீழே விண்விண் என்று தெறித்தது. ஒரு முறை கால் வழுக்கி மண்டிபோட்டு விழுந்தார். பின்னால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. அவர் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

உச்சி ஒரு வீட்டு மொட்டை மாடியளவுதான் இருந்தது. நடுவில் யானை படுத்திருப்பது போல ஒரு பாறை. காற்று காதை அடைத்தது. கீழே ஆறு ஒரு நாடாவைப் போலக் கிடந்தது. அக்கா காட்சியைப் பார்க்கவில்லை. பாறையைச் சுற்றி வந்தார். முதலில் ஒவ்வொரு இடுக்கிலும் தடியை விட்டு ஆட்டினார், பூச்சி பொட்டு இருந்தால் ஓடிப் போகட்டும் என்று. அப்புறம் கையை விட்டுத் துழாவினார். மற்றவர்களும் தேடினார்கள். ஒருமுறை சுற்றி, எதிர்ப்பக்கமாக இன்னொருமுறை சுற்றினார்கள்.

கிழக்குப் பக்கத்து இடுக்கில் துருப்பிடித்த ஒரு கம்பி வளையமும், அறுந்த கயிற்றுத் துணுக்கும் கிடைத்தன. கம்பிக்குப் பக்கத்தில் மண் வெளுத்துச் செவ்வகமாகத் தழும்பு போட்டிருந்தது. பெட்டி இருந்திருக்கிறது. இப்போது இல்லை. குரங்கோ, மழையோ, மனுஷனோ, எதுவென்று தெரியவில்லை.

அக்கா அந்தத் தழும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏறும்போது வராத களைப்பு மொத்தமாக வந்து தோளில் ஏறியது.

ஸ்க்ரூ தொண்டையைக் கனைத்தான். அவன் கையில் ஆற்றங்கரை டப்பா இருந்தது. "அண்ணி, இதை இங்க வெச்சுட்டா என்ன? தொலைஞ்சு போன பெட்டிக்குப் பதிலா இப்படி நெறைய பேர் வெக்கிறாங்களாம். பெட்டிக்காரருக்கும் உபகாரம். நீங்க ஏறினது ஏறினதுதானே? மனசாரக் கையெழுத்துப் போடலாம்."

"போடலாம்தான்" என்றார் கணவர் ஆவலாக. "இப்போ உண்மையாவே மேலதானே இருக்கோம்?"

அக்கா டப்பாவைப் பார்த்தார். ஒரு கணம் கை நீட்டக்கூடத் தோன்றியது. ஏறி வந்தது பொய்யில்லையே.

"வேணாம்" என்றார். "அவர் ஒளிச்சு வெச்சதை நான் கண்டுபிடிக்கணும். நானே கொண்டு வந்து வெச்சுட்டு நானே கண்டுபிடிச்சேன்னு சொன்னா, என்னை நானே பஸ்ஸுல ஏத்தி, நானே டிக்கெட் கிழிச்ச மாதிரி இருக்கும்."

செல்போனை எடுத்து, சிக்னல் கிடைக்கும்போது போகட்டும் என்று, தளத்தில் 'கிடைக்கவில்லை' என்ற பொத்தானை அழுத்தினார். கீழே எழுதினார்: 'பெட்டி இருந்த தடம் மட்டும் இருக்கிறது. வைத்தவர் வந்து பார்க்கவும். கடைசி நிறுத்தம்.'

"அப்போ..." மகள் தயங்கினாள். "கையெழுத்து கிடைக்கல. நீ சொன்ன கணக்குப்படி கவுன்ட்டரா?"

அக்கா ஏறி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து பார்க்கையில் அது கிணற்றுக்குள் இறங்குவது போலத் தெரிந்தது. அப்போதுதான் அவருக்குத் தன் நிபந்தனையே கோணல் என்று பட்டது. ஏறியது முழுக்க இடது கால். வலது கால் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி. பெட்டி இருந்திருந்தால், கையெழுத்துப் போட்ட குஷியில் இதை யோசித்தே இருக்க மாட்டார். பேருந்தில் வலது காலுக்கு என்ன வேலை? நிறுத்துகிற வேலை. மொத்த உடம்பும் முன்னால் பாயும்போது தாங்கிப் பிடிக்கிற வேலை. அதை ஏற்றத்தில் எப்படிப் பார்க்க முடியும்?

"பெட்டி தொலைஞ்சது பெட்டியோட விஷயம்" என்றார் அக்கா எழுந்துகொண்டே. "எனக்கு இன்னும் பாதி வேலை இருக்கு. தடியை நீ வெச்சுக்க."

"தடி இல்லாமயா?" என்றார் கணவர்.

"பிரேக் போடறப்ப தடி எங்க ஊன்றது?"

இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் வலது காலையே முன்னால் வைத்தார். சரளை உருண்டு உடம்பு முன்னால் சாயும். கால் அதைத் தாங்கும். சில அடிகளுக்குப் பிறகு தொடை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்கும்வரை நின்றார். நின்றதும் மறுபடி அதே கால். வழியில் இரண்டு இடங்களில் உட்கார்ந்துதான் சறுக்க வேண்டியிருந்தது. "இந்த ரெண்டு இடத்துலயும் தோல்வி" என்று தானே உரக்கச் சொல்லிக்கொண்டார், பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

தட்டைப் பாறைக்குக் கீழே தடம் ஓரிடத்தில் மழையில் அரித்துப் போயிருந்தது. முழங்காலளவு ஆழம், அடியில் ஈரக் களிமண். இரண்டு கால் நன்றாக இருப்பவனும் யோசிப்பான். அக்கா யோசித்தார். பிறகு திரும்பாமலே பின்பக்கம் கையை நீட்டினார்.

"ஏங்க, கை குடுங்க."

கணவர் ஓடிவந்து அக்குளுக்கு அடியில் கையைக் கொடுக்கப் போனார்.

"தூக்காதீங்க. நான் பிடிச்சுக்கறதுக்குத்தான் கை. கம்பி மாதிரி நில்லுங்க. பஸ்ல கம்பி யாரையாவது தூக்குதா?"

அவர் கம்பி மாதிரி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெத்தைக்காரர் விறைப்பாக நின்றதை மகள் பார்த்தாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பள்ளத்தில் இறக்கினார். களிமண் வழுக்கியது. முழு எடையும் அந்த ஒற்றைக் கால்மேல் வந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கால் நின்றது. கையை விட்டுவிட்டு மறுபக்கம் ஏறினார்.

நடைபாலத்துக்கு வந்து சேர்ந்தபோது அக்காவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டார். கால் வீங்கிப் போய் உறை இறுக்கியது. அதை அவிழ்க்காமல் முதலில் செல்போனை எடுத்தார். இங்கே சிக்னல் இருந்தது. பணிமனை மேலாளரை அழைத்தார்.

"சார், கவுன்ட்டர் நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் தேர்வுக்கு நிக்கிறேன்."

"என்னம்மா, தண்ணிச் சத்தமா கேக்குது, எங்க இருக்கீங்க?"

"ஆத்தங்கரையில."

"லீவை அனுபவிக்காம என்ன அவசரம்? நிதானமா யோசிச்சு..."

"மலை மேல போய் யோசிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

"கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"வலிக்குதா? அப்புறம் எப்படிம்மா?"

"வலிக்குதுன்னுதான் சார் சொல்லுது. நிக்க மாட்டேன்னு சொல்லல."

மேலாளர் சொன்னார்: "பாருங்க, இப்பவே சொல்லிடறேன். கவுன்ட்டருக்கு வரிசையில ஆள் நிக்குது. நீங்க வேணாம்னா இன்னைக்கே குடுத்துடுவேன். தேர்வுல தேறலேன்னா அதுவும் இருக்காது, இதுவும் இருக்காது. தெரியுமில்ல?"

அக்கா பாலத்தில் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். மேலாளரின் குரல் அவர்களுக்கும் கேட்டிருந்தது. கணவர் வாயைத் திறந்தார். பிறகு, ஒன்றும் சொல்லாமல், மூடிக்கொண்டார்.

"தெரியும் சார்" என்றார் ஹாரன் அக்கா. "குடுத்துடுங்க."